எல். சங்கரும் இரட்டை வயலினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பாட்டுக் கேட்பது பல வருஷப் பழக்கம். வயலின் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் வருவார்கள், கூடவே அவர்களுடைய அப்பா அம்மா, சில நாள் பக்கத்து வீட்டுத் தாத்தா. எல். சங்கரின் வயலினைப் போட்டுவிட்டால் போதும், அடுத்த அரை மணி நேரம் கேள்விதான். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எந்த சங்கர்? டைரக்டரா, சங்கர் மகாதேவனா, சங்கர்–கணேஷ்ல இருக்கிற சங்கரா?

மூவரும் இல்லை. இவர் லட்சுமிநாராயண சங்கர், வயலின் வித்வான். 1950இல் மெட்ராஸில் பிறந்தவர். கர்நாடக சங்கீத வயலினில் வளர்ந்து, அமெரிக்கா போய், ஜாஸ், ராக், எலக்ட்ரானிக் இசை, ஹாலிவுட் பின்னணி இசை என்று எல்லாவற்றுக்குள்ளும் அந்த வயலினோடு நுழைந்தவர். பத்துத் தந்தி கொண்ட இரட்டை வயலின் அவர் வடிவமைத்தது. நம் ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு என்பது எனக்குப் பெரிய வருத்தம். இந்தப் பக்கத்தை எழுத அதுவும் ஒரு காரணம்.

அப்போ சிதார் ரவி சங்கருக்குச் சொந்தமா?

ரத்த உறவு கிடையாது. ரவி சங்கர் வங்காளிக் குடும்பம். இவர் தமிழ்க் குடும்பம். ‘சங்கர்’ என்பது இவருடைய சொந்தப் பெயர், ‘எல்.’ என்பது அப்பா வி. லட்சுமிநாராயணாவின் முதலெழுத்து.

ஆனால் கல்யாண வழியில் ஒரு சுற்று உறவு இருக்கிறது. சங்கரின் அண்ணன் எல். சுப்ரமணியம் மணந்த விஜி, இந்துஸ்தானிப் பாடகி லட்சுமி சங்கரின் மகள். லட்சுமி சங்கர் தென்னிந்தியப் பெண். அவர் மணந்தது ரவி சங்கரின் அண்ணன் ராஜேந்திர சங்கரை. ஆகவே ‘சொந்தமா’ என்று கேட்பவர்கள் முழுக்கத் தப்பாகவும் கேட்கவில்லை.

இலங்கைக்காரரா, இந்தியாக்காரரா?

பிறந்தது மெட்ராஸ், வளர்ந்தது யாழ்ப்பாணம். அப்பா அங்கே சங்கீதம் கற்பித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டும் வயலினும் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. அம்மா சீதாலட்சுமியும் பாடுவார், வீணை வாசிப்பார். ஏழு வயதில் யாழ்ப்பாணத்துக் கோயிலில் சங்கரின் முதல் கச்சேரி.

1958இல் இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வெடித்தபோது குடும்பம் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு மெட்ராஸ் வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு எட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் நண்பர்கள் இவரைத் தங்கள் ஊர்க்காரர் என்று சொல்லும்போது நான் மறுப்பதே இல்லை. கை வில்லைப் பிடித்துப் பழகியது அங்கேதான்.

அண்ணன் தம்பி எல்லாருமே வயலினா?

ஆமாம். மூத்தவர் எல். வைத்தியநாதன், அடுத்தவர் எல். சுப்ரமணியம், அப்புறம் சங்கர். மூவரும் சேர்ந்து ஒரே மேடையில் வயலின் வாசித்திருக்கிறார்கள். பக்கவாத்தியமாக இருந்த வயலினை மேடையின் நடுவில் உட்காரவைக்க வேண்டும் என்பது அப்பாவின் கனவு. மூன்று பேருமே ஆளுக்கொரு விதமாக அதை நடத்திக்காட்டினார்கள்.

வைத்தியநாதனை உங்களுக்குத் தெரியும், பெயர்தான் நினைவிருக்காது. ‘ஏழாவது மனிதன்’ படத்தில் பாரதியார் பாடல்களுக்கு மெட்டமைத்தவர். வசனமே இல்லாத ‘பேசும் படம்’ முழுக்கப் பேசுவது அவருடைய பின்னணி இசை. தொலைக்காட்சியில் வந்த ‘மால்குடி டேஸ்’ தொடரின் அந்த ‘தானானா’ மெட்டும் அவருடையது. சுப்ரமணியம் ‘சலாம் பாம்பே’, ‘மிஸ்ஸிஸிப்பி மசாலா’ படங்களுக்கு இசை தந்தவர். சங்கரின் சினிமாப் பக்கத்தைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கர்நாடக வயலினும் வெஸ்டர்ன் வயலினும் வேற வேற வாத்தியமா?

ஒரே வாத்தியம். மரம், அளவு, நாலு தந்தி, வில் எல்லாம் ஒன்றுதான். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் மேற்கத்திய வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வர் என்ற சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவும் அதை நிலைநிறுத்தினார்.

மாறுவது மூன்று. ஒன்று, சுருதி சேர்ப்பது: நாம் ச–ப–ச–ப என்று சேர்க்கிறோம், அவர்கள் ஒவ்வொரு தந்தியையும் முந்தையதற்கு ஐந்தாம் சுரமாக வைக்கிறார்கள். இரண்டாவது, பிடிப்பது: சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் சுருள் முனையைக் கணுக்காலில் ஊன்றுகிறோம். அப்படி ஊன்றினால் இடது கை வாத்தியத்தைத் தாங்க வேண்டிய வேலை இல்லை. தந்தி மேல் தாராளமாக மேலும் கீழும் வழுக்கிப் போகலாம். மூன்றாவதும் முக்கியமானதும் அந்த வழுக்கல்தான். ஒரு சுரத்தை நிறுத்தி வைக்காமல் அசைத்து, இழைத்து, பாடுகிறவர் தொண்டையில் வருவதுபோல் கொண்டுவருவது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பல கேள்விகளுக்கு இதுதான் பதில்.

இரட்டை வயலின்னா என்ன? ரெண்டு வயலினை ஒட்டி வச்சதா?

பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஒரே வாத்தியத்தில் இரண்டு கழுத்து, கழுத்துக்கு ஐந்து தந்தி, ஆக மொத்தம் பத்து. அவர் யோசித்துச் சொன்ன வடிவத்தை 1980இல் செய்துகொடுத்தவர் கென் பார்க்கர் என்ற அமெரிக்க கிடார் கைவினைஞர். மரப்பெட்டியின் முழக்கத்தை நம்பாமல் ஒலிபெருக்கி வழியாகக் கேட்கும்படி செய்யப்பட்ட எலக்ட்ரிக் வாத்தியம் அது. ஸ்டீரியோ வாத்தியமும்கூட.

ஒரு கழுத்து மேல் ஸ்தாயிக்கு, இன்னொன்று கீழ் ஸ்தாயிக்கு. வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று ஒரு ஆர்க்கெஸ்ட்ராவின் தந்தி வரிசையில் நாலு வாத்தியம் தரும் ஒலி எல்லை முழுவதும் ஒரே ஆள் மடியில் வந்துவிடுகிறது. கணக்காகச் சொன்னால், மேற்கத்திய முறையில் வயலினின் கடைசித் தந்தி சுமார் 196 ஹெர்ட்ஸ், செல்லோவின் கடைசித் தந்தி 65, டபுள் பேஸில் 41. எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பாருங்கள்.

சும்மா வித்தியாசமா இருக்கணும்னு செஞ்சதா? நாலு தந்தி போதாதா?

பக்கவாத்தியத்துக்கு நாலு தந்தி தாராளமாகப் போதும். ஒரு பெரிய ஆலாபனையை, அதாவது தாளமில்லாத ராக விரிவை, தனியாக நடத்தும்போதுதான் இடம் பற்றாது. நல்ல பாடகர் மந்தர ஸ்தாயி என்ற கீழ்ச் சுர எல்லையில் இறங்கி, அங்கே தங்கி, ராகத்தைக் கனமாக விரித்துவிட்டு மேலே ஏறுவார். சாதாரண வயலினில் கீழே இறங்கினால் சட்டென்று தரை தட்டிவிடும். இரட்டை வயலினில் அதற்குக் கீழே இன்னும் இரண்டு மாடி இருக்கிறது.

இவர் 1969இல் அமெரிக்கா போய் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு எடுத்த பொருள் என்ன தெரியுமா? தென்னிந்திய வாய்ப்பாட்டுக்கு வயலின் பக்கவாத்தியம் வாசிக்கும் கலை. 1974இல் முடித்தார். பாடகரின் நிழலாக வாசிப்பதை அவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த ஒருவர், ஆறு வருஷம் கழித்துப் பாடகர் போகும் ஆழத்துக்கெல்லாம் தானே போகக்கூடிய வாத்தியத்தைச் செய்துகொண்டார். எனக்கு இது ஒரே தேடலின் இரண்டு முனையாகத்தான் படுகிறது. வித்தியாசத்துக்காகச் செய்பவர் இத்தனை வருஷம் அதையே வாசித்துக்கொண்டிருக்க மாட்டார்.

பத்துத் தந்தியையும் ஒரே இழுப்பில் வாசிப்பாரா?

இல்லை. தந்திகளைத் தாங்கும் குதிரை வளைவாக இருக்கும், அதனால் வில் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு தந்தியைத்தான் தொட முடியும். ஒரு கழுத்தில் வாசித்துக்கொண்டே வந்து சட்டென்று மற்றதற்குத் தாவுவார். ஒரு கழுத்தில் வாசிக்கும்போது மற்றக் கழுத்தின் தந்திகள் சும்மா இருப்பதில்லை, ஒத்த சுரம் வரும்போது தாமாகவே லேசாக அதிரும். வீட்டில் சுருதி சேர்த்த இரண்டு தம்புராவைப் பக்கத்தில் வைத்து ஒன்றை மீட்டினால் மற்றது முனகுமே, அது மாதிரி.

சக்தி குழு 2024ல கிராமி வாங்குச்சே, அதுல வயலின் இவர்தானே?

இதுதான் அதிகமாக வரும் குழப்பம். சக்தி, நம் சங்கீதத்தையும் ஜாஸையும் கலந்து வாசித்த குழு. 2024இல் கிராமி வாங்கிய சக்தியில் வயலின் வாசித்தவர் கணேஷ் ராஜகோபாலன். அதில் பாடியவர் சங்கர் மகாதேவன். ‘சங்கர்’ என்ற பெயரும் ‘வயலின்’ என்ற சொல்லும் ஒரே செய்தியில் வந்ததால் பலருக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டது.

எல். சங்கர் இருந்தது 1970களின் முதல் சக்தியில். இங்கிலாந்து கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம், தொடக்கத்தில் மிருதங்கத்தில் ராமநாதபுரம் ராகவன். 1976, 1977இல் மூன்று ஆல்பம் வந்தது. எல்லாரும் தரையில் உட்கார்ந்து, மின்சார வாத்தியம் எதுவும் இல்லாமல் வாசித்தார்கள். 1997இல் மெக்லாஃப்லினும் ஜாகிரும் மறுபடி தொடங்கியபோது சங்கர் அதில் இல்லை. பிற்பாடு மாண்டலின் ஸ்ரீனிவாஸ் சேர்ந்தார்.

சக்தியில் எலக்ட்ரானிக் எதுவும் இல்லைங்கறீங்க. அப்புறம் எப்படி அந்தப் பக்கம் போனார்?

சக்தி நின்ற கையோடு. 1979இல் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஜப்பா தயாரிப்பில் ஒரு ராக் ஆல்பம் செய்தார். 1981இல் இங்கிலாந்துப் பாடகர் பில் காலின்ஸின் முதல் தனி ஆல்பத்தில் வயலின் வாசித்தார். 1980களில் மியூனிக்கின் இ.சி.எம். நிறுவனத்தில் வரிசையாக ஆல்பங்கள். ‘விஷன்’ (1983) ஆல்பத்தில் நார்வேயின் யான் கார்பாரெக் சாக்ஸபோன், டென்மார்க்கின் பாலே மிக்கெல்போர்க் டிரம்பெட், நடுவில் இவருடைய இரட்டை வயலின். 1985இல் வந்த ‘சாங் ஃபார் எவ்ரிஒன்’ ஆல்பத்தில் டிரம் மெஷினை இயக்கியதும் இவரே. அடுத்த வருஷம் பாடகி கரோலைனோடு ‘தி எபிடெமிக்ஸ்’ என்ற பாப் குழு. அதில் மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் சிந்தசைசரும் உண்டு, இவருடைய பாட்டும் உண்டு.

வரிசையைக் கவனித்தால் ஒன்று தெரியும். எலக்ட்ரானிக் கருவிக்குப் போகும் முன்பே தன் வாத்தியத்தை மின்சார வாத்தியமாக மாற்றிக்கொண்டுவிட்டார். டிரம் மெஷினும் சிந்தசைசரும் இருக்கிற ஸ்டூடியோவில் அமுங்கிப்போகாத ஒரு வயலின் அவர் கையில் இருந்தது.

டிரம் மெஷின் போட்டா தாளத்துல உயிர் இருக்குமா?

மெஷின் மட்டும் இருந்தால் எனக்கும் அந்தச் சந்தேகம் வரும். ஆனால் நான் மேலே சொன்ன 1985 ஆல்பத்தில் மெஷினோடு ஜாகிர் உசேனும் திரிலோக் குர்ட்டுவும் வாசிக்கிறார்கள். மெஷின் அங்கே கச்சேரியில் கையால் தாளம் போடுகிற வேலையைச் செய்கிறது. அது அசையாமல் ஓடும், அதன் மேல் மனிதர்கள் முன்னேபின்னே விளையாடுவார்கள். நம் சங்கீதத்தில் காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம், நகரக்கூடாது என்று எத்தனை கண்டிப்பு! அந்தக் கண்டிப்பில் வளர்ந்தவருக்கு மெஷினின் பிடிவாதம் ஒரு தொந்தரவே இல்லை.

அந்த ஆல்பத்தைப் பிள்ளைகளோடு கேட்கும்போது ஒரு வேலை கொடுப்பேன்: மெஷினுக்குக் கையில் தாளம் போடு, காதை வயலினில் வை. ஐந்து நிமிஷத்தில் சந்தேகம் தீர்ந்துவிடும்.

எலக்ட்ரிக் வயலின்ல கமகம் வருமா? எனக்குப் பட்டையாத்தான் கேக்குது.

வரும். கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழைப்பது, விரலிலும் வில்லிலும் இருக்கிறது, மரப்பெட்டியில் இல்லை. தந்தியின் அதிர்வை குதிரையருகில் இருக்கும் பிக்கப் மின்சாரமாக மாற்றுகிறது. விரல் எப்படி இழைந்ததோ அது அப்படியே போகிறது.

பட்டையாகக் கேட்பதற்குப் பெரும்பாலும் வேறு இரண்டு காரணம். ஒன்று, மலிவான பிக்கப். வில் முடி தந்தியைப் பிடித்து விடும் அந்தச் சன்னமான ஓசையை அது தொலைத்துவிடும். இன்னொன்று, எதிரொலிக் கருவிகளை அளவில்லாமல் திருப்பி வைப்பது. நீட்டி நிறுத்தும் சுரத்துக்கு எதிரொலி அழகு. ஆனால் ஆபேரி ராகத்தில் காந்தார சுரத்தை அசைக்கும்போது, அரை வினாடிக்கு முந்தைய அசைவு எதிரொலியாகத் திரும்பி வந்து இப்போதைய அசைவோடு மோதினால் இரண்டும் கலங்கிப்போகும். இதை நான் சொந்தக் கையால் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு கோயில் கச்சேரியில் எதிரொலியைக் கூட்டி வைத்து வாசித்து, பதிவைக் கேட்டபோது ராகமே அடையாளம் தெரியவில்லை. சங்கரின் பதிவுகளில் அசைவு நிறைந்த இடமும் எதிரொலி நிறைந்த இடமும் பெரும்பாலும் விலகி நிற்பதைக் கேட்கலாம்.

ஏசு படத்துக்கு எதுக்குக் கர்நாடக வயலின்?

மார்ட்டின் ஸ்கார்செஸியின் ‘தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்’ (1988) படத்தைச் சொல்கிறீர்கள். இசை இங்கிலாந்து ராக் பாடகர் பீட்டர் கேப்ரியல். ஐரோப்பியத் தேவாலய இசை வேண்டாம், கதை நடக்கும் பக்கத்து ஒலி வேண்டும் என்று அவர் துருக்கிப் புல்லாங்குழல், துதுக் என்ற ஆர்மீனிய ஊதுகுழல், எகிப்தியத் தாளம், செனகல் குரல், நுஸ்ரத் ஃபதே அலி கானின் கவ்வாலி என்ற சூஃபி பக்திப் பாட்டுக் குரல் எல்லாவற்றையும் திரட்டினார். அவற்றோடு சிந்தசைசரையும் அடுக்கினார். அந்த அடுக்கில் பல இடங்களில் ஓடுவது சங்கரின் இரட்டை வயலின். படம் வந்த பிறகும் கேப்ரியல் அந்த இசையில் உழைத்து 1989இல் ‘பேஷன்’ என்ற ஆல்பமாக வெளியிட்டார்.

சரி, பாலஸ்தீனத்துக் கதையில் தஞ்சாவூர்ச் சங்கீதத்துக்கு என்ன வேலை? மேலே, வயலின் பற்றிய பதிலில், தொண்டையைப் போல இழைவதைச் சொன்னேன் அல்லவா. துதுக்கும், நேய் என்ற அந்தத் துருக்கிக் குழலும், கவ்வாலியும் அதே மாதிரி சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் வாழ்கிற இசை. பியானோவைப் போலச் சுரங்களைத் தனித்தனிப் படியாக வைக்கிற வாத்தியம் அவற்றோடு ஒட்டாது. கர்நாடக வயலின் போன உடனே ஒட்டிக்கொள்ளும். ஊர் வேறாக இருந்தாலும் அழுகையின் வளைவு ஒன்றாகத்தான் இருக்கிறது.

இன்னொரு ஏசு படத்திலும் அவர் குரல் வருதாமே?

ஆமாம், மெல் கிப்சனின் ‘தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்’ (2004). இசை ஜான் டெப்னி. அதில் சங்கரும், இரட்டை வயலின் வாசிக்கும் ஜிஞ்சர் சங்கரும் (எல். சுப்ரமணியத்தின் மகள்) பாடியும் வாசித்தும் இருக்கிறார்கள். படத்தில் பேசுவது அராமைக், ஹீப்ரு, லத்தீன். பார்ப்பவர்கள் பலருக்கு ஒரு சொல்லும் காதில் நேராகப் புரியாது. அப்படிப்பட்ட படத்தில் சொல்லில்லாத குரல் எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். ‘பேசும் படம்’ செய்த அண்ணனுக்கும் இவருக்கும் இது பொதுவான கலை.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ‘ஹீரோஸ்’ (2006இல் தொடங்கியது) பார்த்தவர்களுக்கு, பின்னணி இசையில் ஒரு ஆண் குரல் வருமே, அதுவும் இவர்தான். பாட்டுக் கற்ற வயலின்காரர் என்பது அங்கே பளிச்சென்று தெரியும்.

சினிமாவில் வாசிக்கும்போது அது எந்த ராகம்?

பல இடத்தில் ராகத்தின் பெயர் சொல்வது சரியாக வராது. கச்சேரியில் ராகத்துக்கு இருபது நிமிஷம் கிடைக்கும், திரையில் முப்பது வினாடி. அதற்குள் ராகத்தின் ஒரு சின்னப் பிடி, நீட்டி நிறுத்தும் ஒரு கார்வை, ஒரு இறக்கம், அவ்வளவுதான் இடம். கீழே சிந்தசைசர் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது தம்புரா மாதிரி ஆகிவிடுவதால் நமக்கு ராகம் கேட்பது போலவே இருக்கும். பிடியை ரசியுங்கள். ராகத்தை முழுசாகக் கேட்க அவருடைய கச்சேரிப் பதிவுகள் இருக்கின்றன, கடைசிக்கு முந்தைய பதிலில் சொல்கிறேன்.

கிராமி வாங்கினாரா இல்லையா? ஒவ்வொருத்தர் ஒண்ணு சொல்றாங்க.

‘பேஷன்’ ஆல்பத்துக்கு 1990 விழாவில் புது யுக இசைப் பிரிவில் கிராமி கிடைத்தது. விருது பீட்டர் கேப்ரியல் பெயரில். சங்கர் அதில் வாசித்தவர். அப்புறம் ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராமோடு செய்த ‘ராக ஆபேரி’ (1995) ஆல்பம் 1996 விழாவில் உலக இசைப் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இரண்டையும் கலந்து சொல்வதால்தான் ஆளுக்கொரு கதை. 2024 விருது இந்தக் கணக்கில் வராது, சக்தி பற்றிய பதிலைப் பாருங்கள்.

சில ஆல்பத்துல பேரு வேற மாதிரி போட்டிருக்கே?

எல். சங்கர், வெறும் சங்கர், ஷென்கர் மூன்றும் அவரே. பிற்பாடு வந்த ஆல்பங்களிலும் திரைப்பட வரிசைகளிலும் ஷென்கர் என்றே பார்ப்பீர்கள். தேடும்போது மூன்றையும் போட்டுத் தேடுங்கள்.

கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. இப்படிக் கலக்கறது நம்ம சங்கீதத்தைக் கெடுக்கறது இல்லையா?

பக்கத்து வீட்டுத் தாத்தா கேட்டது. தப்பாக நினைக்கவில்லை, அக்கறை இருப்பவர்தான் இதைக் கேட்பார்.

அவருக்கு நான் போட்டுக்காட்டியது 1981இல் வந்த ‘ஹூ’ஸ் டு நோ’ ஆல்பம். வெளியிட்டது ஜெர்மன் ஜாஸ் நிறுவனம், கையில் இருப்பது இரட்டை வயலின். ஆனால் உள்ளே இருப்பது என்ன? ஒரு பக்கம் முழுக்க, கச்சேரியின் பெரிய அங்கமான ராகம் தானம் பல்லவி. மறுபக்கம் தில்லை நடராசரைப் பற்றி அவர் அப்பா இயற்றிய ‘ஆனந்த நடமாடும் தில்லை சங்கரா’. மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன், தபலா ஜாகிர் உசேன், கூடவே அப்பா லட்சுமிநாராயணா. வேறு யாருக்காகவும் ஒரு அங்குலம்கூட வளைக்காத கச்சேரி அது. தாத்தா தானம் முடியும்வரை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ‘பையன் பாட்டு நன்னாக் கத்துண்டிருக்கான்’ என்றார்.

கலப்பில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. தன் சங்கீதத்தில் பாதியை விட்டுவிட்டு வந்து கலந்தால் இரண்டும் மெலிந்துபோகும். ‘தி எபிடெமிக்ஸ்’ பாப் பாடல்களில் எனக்குப் பிடிக்காதவை நிறைய இருக்கின்றன, அதைச் சொல்லத் தயக்கமில்லை. ஆனால் ஒரு கையில் பாப் பாட்டு வைத்திருந்த அதே ஆண்டுகளில் இன்னொரு கையில் ‘பஞ்ச நடைப் பல்லவி’ வாசித்தவர் அவர். ஒரே பல்லவியைத் திசிரம், சதுசிரம், கண்டம், மிசிரம், சங்கீர்ணம் என்று ஐந்து நடையிலும் கொண்டுபோவது விளையாட்டு வேலை இல்லை. மூன்று, நாலு, ஐந்து, ஏழு, ஒன்பது என்று உள்கணக்கு மாறும், தாளம் நகராது. இதைச் சாதகம் செய்யாமல் யாரும் மேடையேற முடியாது.

என் பொண்ணுக்கு எட்டு வயசு, வயலின் கத்துக்கறா. எலக்ட்ரிக் வாங்கித் தரலாமா? இரட்டை வயலின் எங்க கிடைக்கும்?

இரட்டை வயலின் கடையில் கிடைக்கிற சரக்கு இல்லை. சொல்லிச் செய்ய வேண்டியது. எட்டு வயதுக்கு அது வேண்டவும் வேண்டாம்.

எலக்ட்ரிக் வயலினுக்கும் அவசரம் இல்லை. சாதாரண மர வயலினில் வில்லை எவ்வளவு அழுத்தினால் எப்படி ஒலிக்கிறது என்று தோளும் காதும் சேர்ந்து கற்றுக்கொள்கின்றன. மின்சார வாத்தியத்தில் ஒலியைத் திருகி ஏற்றலாம் என்பதால் அந்தப் பாடம் தள்ளிப்போகும். என் மாணவர் ஒருவருக்கு அவசரப்பட்டு மலிவான ஒன்றை வாங்கிக்கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் கை இறுகி, திரும்ப மர வயலினில் முதல் பாடமான சரளி வரிசையிலிருந்து ஆரம்பித்தோம். நாலைந்து வருஷம் போகட்டும். கூடவே பாட்டுக் கற்கட்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எதிலேர்ந்து கேக்க ஆரம்பிக்கிறது?

கர்நாடக சங்கீதம் பழகிய காது என்றால் ‘ராக ஆபேரி’. அதே ராகத்தில் தியாகராஜரின் ‘நகுமோமு’ கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ராகம் உடனே கைகொடுக்கும். அப்புறம் ‘ஹூ’ஸ் டு நோ’. வேகமும் உரையாடலும் பிடிக்கும் பிள்ளைகளுக்கு முதல் சக்தியின் ஆல்பங்கள். வயலினும் கிடாரும் ஒன்றையொன்று துரத்தும் இடத்தில் குழந்தைகள் சிரித்துவிடுவார்கள். எலக்ட்ரானிக் இசையிலிருந்து வருகிறவர் என்றால் ‘பேஷன்’, அதன்பின் ‘சாங் ஃபார் எவ்ரிஒன்’. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க ‘விஷன்’.

போன் ஸ்பீக்கர்ல கேட்டா போதுமா?

போதாது. போனின் சின்ன ஸ்பீக்கரில் கீழ் ஸ்தாயி சரியாக வராது. 196, 65, 41 என்று மேலே எழுதிய எண்களில் பின்னிரண்டும் அதில் காணாமல் போய்விடும். அப்படிக் கேட்டால் நீங்கள் கேட்பது ஒரு கழுத்து வயலின். சாதாரண ஹெட்போன் போதும், விலை உயர்ந்தது வேண்டாம். இரண்டு காதிலும் மாட்டிக்கொள்ளுங்கள், ஸ்டீரியோ வாத்தியம் என்று சொன்னேனே.